சுமையும் பெயரும்: ஷெர்ப்பா மலைத்தொழிலாளர் வரலாறு – ஒரு நோக்கு

1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் எவரெஸ்ற் சிகரத்தில் முதன்முதலாக இருவர் காலடி பதித்தனர். நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹிலரி, ஷெர்ப்பா இனத்தவரான டென்சிங் நோர்கே ஆகிய இருவரினதும் பெயர்களைப் பள்ளி மாணவரும் அறிவர். ஆயின், அவ்விருவரும் அச்சிகரத்தை அடையும்பொருட்டு 362 சுமையாளர்கள் ஏறத்தாழ 10,000 இறாத்தல் நிறையுடைய பொருள்களைக் காத்மண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து மலைநாட்டுக்கு முதுகிற் சுமந்து சென்றனர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்களுடைய பெயர்களை அறிந்தோர் அவரினும் சிலர். மலையேற்ற வரலாறு பெரும்பாலும் ஏறியோரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஏற்றியோரின் வரலாறு அதன் ஓரங்களிலேயே கிடக்கின்றது.

மலைத்தொழில் என்பது ஏனைய தொழில்களைப் போன்றதன்று. சுமை தூக்குவோனுக்குக் கூலி உண்டு. வழி காட்டுவோனுக்கும் கூலி உண்டு. ஆனால் அத்தொழிலில் உயிரும் பணயமாக வைக்கப்படுகின்றது. அப்பணயத்தின் விலையை யார் தீர்மானிப்பது? தொழிலாளியின் பெயர் எந்த ஏட்டில், எவருடைய கையால் எழுதப்படுகின்றது? இவ்விரு வினாக்களையும் முன்வைத்து ஷெர்ப்பா மலைத்தொழிலாளரின் வரலாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு முன்னர், இதே வினாக்களை நூறாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்ட ஓர் ஐரோப்பியக் கிராமத்தின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்பது பயன்தரும்.

சமொனி தந்த முன்னுதாரணம்

அல்ப்ஸ் மலைத்தொடரில் மொன்ற் பிளாங் சிகரத்தின் அடியில் அமைந்தது சமொனி என்னும் கிராமம். இன்று பிரான்சுக்குரிய இவ்வூர் 1860ஆம் ஆண்டுவரை சார்டீனிய அரசின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. 1786ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 8ஆம் நாள் இவ்வூர் வைத்தியரான பக்கார் என்பவரும், பளிங்குக் கற்கள் தேடி மலையில் அலைந்த பல்மா என்பவரும் அச்சிகரத்தை முதன்முதலில் அடைந்தனர். அதன்பின் செல்வந்தரும் விஞ்ஞானிகளும் இவ்வூரை நாடி வரலாயினர். ஆடு மாடு மேய்த்தும் வேட்டையாடியும் வாழ்ந்த குடியானவர்கள் வழிகாட்டிகளாயினர்.

1820ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஹமெல் என்னும் விஞ்ஞானி ஒரு குழுவினருடன் மொன்ற் பிளாங்கில் ஏறினார். காலநிலை பாதகமாயிருந்தது, வழிகாட்டிகள் தயங்கினர், ஹமெல் மேலே செல்லவே விரும்பினார். பனிச்சரிவு ஏற்பட்டு வழிகாட்டிகள் மூவர் பனிப்பிளவொன்றில் வீழ்ந்து இறந்தனர். இந்நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1821இல், சமொனி வழிகாட்டிகள் சங்கம் தோன்றியது. வழிகாட்டிகளின் பெயர்ப்பட்டியலொன்று வகுக்கப்பட்டு, அதன்படி முறைவைத்து வேலை பகிரப்பட்டது. விபத்தில் பாதிக்கப்பட்டோருக்கும் இறந்தோரின் குடும்பத்தினருக்கும் உதவ ஒரு பொதுநிதியும் ஏற்பட்டது.

இங்கு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பட்டியல் ஊரவரிடமே இருந்தது. மலைக்கு வரும் பயணி எத்துணைச் செல்வந்தனாயினும் ஊரவர் வகுத்த விதிக்குக் கட்டுப்பட்டே ஆளமர்த்த வேண்டியவனானான். மூவரின் மரணம் ஒரு சமூகத்தின் தொழில் அமைப்புக்கே வித்திட்டது. இம்மூவரின் உடலெச்சங்கள் நாற்பத்தொரு ஆண்டுகளின் பின், 1861இல், பனிக்கட்டியாற்றின் அடியில் வெளிப்பட்டன. அப்போது அவர்களை நினைவுகூர்வதற்குச் சங்கமொன்று நிலைபெற்றிருந்தது.

டார்ஜிலிங்கிற்கு வந்த மக்கள்

இமயமலையில் நிலைமை வேறாக இருந்தது. 'ஷெர்ப்பா' என்னும் சொல் திபெத்திய மொழியிற் கிழக்குத் திசை மக்கள் எனப் பொருள்படும். கிழக்குத் திபெத்தின் காம் பிரதேசத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டளவிற் புறப்பட்ட இம்மக்கள், எவரெஸ்ற்றின் தெற்கேயுள்ள சோலு, கும்பு ஆகிய பள்ளத்தாக்குகளிற் குடியேறினர். கவரிமா வளர்த்தலும், 18,000 அடிக்கு மேற்பட்ட நங்பா லா கணவாயைக் கடந்து திபெத்துடன் உப்பும் தானியமும் பண்டமாற்றுச் செய்தலும் அவர்களின் சீவனோபாயமாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருளைக்கிழங்குச் செய்கையும் இவற்றோடு சேர்ந்தது. சிகரங்களில் ஏறும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை. மலைகள் அவர்களுக்குத் தெய்வங்களின் உறைவிடங்களாகும்.

1835ஆம் ஆண்டிற் சிக்கிம் மன்னரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி டார்ஜிலிங்கைப் பெற்றுக்கொண்டது. வெள்ளையர் ஓய்வெடுக்கும் குளிர்நகரமாகவும், பின்னர் தேயிலைத் தோட்டங்களின் நடுவிடமாகவும் அது வளர்ந்தது. 1881இற் புகையிரதப் பாதையும் அங்கு சென்றடைந்தது. வீதி வெட்டவும், சுமை தூக்கவும், தோட்டங்களில் உழைக்கவும் கிழக்கு நேபாளத்திலிருந்து பலவின மக்கள் அங்கு திரண்டனர். அவர்களுள் ஷெர்ப்பாக்களும் அடங்குவர். பணப்புழக்கம் குறைந்த மேட்டுநிலப் பள்ளத்தாக்குகளிலிருந்து நாட்கூலி கிடைக்கும் நகரத்துக்கு அவர்கள் இடம்பெயர்ந்தமையே பிற்கால மலைத்தொழிலின் பொருளாதார அடிப்படை எனலாம்.

அவர்களை உயர்மலைப் பணிக்கு அமர்த்தி, அவர்தம் ஆற்றலை வெளியுலகுக்கு உணர்த்தியோருள் முன்னோடியானவர் ஸ்கொத்லாந்து இரசாயன அறிஞரான அலெக்சாந்தர் கெலஸ் ஆவார். இருபதாம் நூற்றாண்டின் முதலிரு தசாப்தங்களிற் சிக்கிம் மலைகளில் ஏறிய அவர், ஐரோப்பிய வழிகாட்டிகளை விடுத்து உள்ளூர் மக்களையே துணைக்கொண்டார். 1921ஆம் ஆண்டு எவரெஸ்ற்றை நோக்கிச் சென்ற முதலாவது பிரித்தானிய ஆய்வுக் குழுவில் இடம்பெற்ற அவர் வழியிலேயே காலமானார். எனினும் அவர் காட்டிய வழியிலேயே அதன்பின் வந்த குழுக்கள் யாவும் டார்ஜிலிங்கில் ஆள் திரட்டின.

1922: எழுவரின் மரணம்

1922ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் நாள். பருவமழை தொடங்கிவிட்டது. புதிதாக வீழ்ந்த பனி சரிவுகளில் உறுதியின்றிக் கிடந்தது. இரு முயற்சிகள் தோல்வியுற்ற பின்னரும் மூன்றாவது முறையாக எவரெஸ்ற்றின் வடக்குக் கணவாயை நோக்கி மலோரி, சோமர்வெல், குரோபோர்ட் ஆகிய மூவரும் பதினான்கு சுமையாளரும் ஏறினர். பனிச்சரிவு ஒன்பது சுமையாளரை அள்ளிச் சென்றது. இருவர் உயிருடன் மீட்கப்பட்டனர், எழுவர் மாண்டனர். ஆங்கிலேயர் மூவருக்கும் தீங்கொன்றும் நேரவில்லை.

இறந்தோர் யாவரும் ஏவலாளராயிருக்கத் தம்முள் ஒருவரேனும் அவ்விதியிற் பங்குகொள்ளவில்லையே என்ற குற்றவுணர்வு சோமர்வெல்லின் மனத்தை அரித்தது. அதனை அவர் பின்னர் எழுத்திலும் பதிவு செய்தார். சத்திரசிகிச்சை வைத்தியரான அவர், அப்பயணத்தின் பின் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில் தென் திருவிதாங்கூரின் நெய்யூர் மிசன் மருத்துவமனையைக் கண்டு, அங்கேயே பணிபுரியத் துணிந்தார். இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலடங்கும் அவ்வூரில் அவர் பல்லாண்டுகள் ஏழை மக்களுக்குச் சிகிச்சை அளித்தார். எவரெஸ்ற்றின் வரலாறு தமிழ் மக்களின் வரலாற்றைத் தொடும் இடம் இதுவாகும்.

தனிமனிதர் ஒருவரின் மனச்சாட்சி விழித்துக்கொண்டது, அமைப்பொன்று தோன்றவில்லை. 1924ஆம் ஆண்டிற் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றபோது, 1922ஆம் ஆண்டுக் குழுவினருக்கு மலையேற்றத்துக்கான பதக்கங்கள் வழங்கப்பட்டன. இறந்த எழுவரும் அக்கௌரவத்திற் சேர்க்கப்பட்டனர். அவ்விழா நடந்த இடம் சமொனி என்பது வரலாற்றின் விநோதமாகும். மூவரின் சாவு தொழிலாளர் நிதியொன்றைத் தோற்றுவித்த ஊரிலேயே, எழுவரின் சாவு பதக்கங்களோடு முடிந்தது. குடும்பங்களுக்கு எவ்வுதவி கிடைத்ததாயினும், அது ஆளமர்த்தியோர் தம் விருப்பப்படி அளித்த கொடையாகவே அமைந்தது. உழைத்தோர் கேட்டுப் பெறும் உரிமையாக அமையவில்லை.

பதிவேடும் 'புலி'ப் பட்டமும்

1928ஆம் ஆண்டில் இமாலயக் கழகம் நிறுவப்பட்டது. பிரித்தானிய அதிகாரிகளும் மலையேறிகளும் முன்னின்று அமைத்த இக்கழகத்தின் டார்ஜிலிங் கிளை, சுமையாளரின் பதிவேடொன்றைப் பேணியது. ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் வழங்கப்பட்டது. அவரவர் கைவசமிருந்த சிறு புத்தகத்திற் குழுத்தலைவர்கள் தம் அபிப்பிராயத்தை எழுதினர். அவ்வெழுத்தை வாசிக்க அதன் உடைமையாளருட் பலருக்குத் தெரியாது. ஆயினும் அடுத்த பருவத்து வேலை அவ்வெழுத்திலேயே தங்கியிருந்தது. இலங்கையின் மலையகத் தோட்டங்களிற் செக்ரோலிற் பெயர் விழுந்தாலன்றிக் கூலியில்லை என்ற நிலையை அறிந்தோர்க்கு இதன் கருத்து எளிதில் விளங்கும்.

உயர்முகாம்களுக்குச் சுமை கொண்டுசென்ற வல்லோரைப் 'புலிகள்' என அழைக்கும் வழக்கம் 1924ஆம் ஆண்டுப் பயணத்தோடு தோன்றியது. 1930களின் இறுதியிற் கழகம் அதனை முறையான விருதாக்கிப் பதக்கமும் வழங்கியது. இப்பதிவேட்டினாற் பயன் இல்லாமலில்லை. திறமை அறியப்பட்டது, தொடர்ச்சியான வேலையும் சிலருக்குக் கிட்டியது. ஆனால் சமொனியிற் பட்டியல் தொழிலாளரின் ஊரிடம் இருந்தது. டார்ஜிலிங்கில் அது வேலை கொடுப்போரின் கழகத்திடம் இருந்தது. இவ்வேறுபாடே பின்வந்த நிகழ்ச்சிகள் பலவற்றை விளக்குவதாகும்.

1934ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நங்கபர்வதத்தில் ஏறிய ஜேர்மன் குழுவினர் கடும்புயலிற் சிக்கினர். அப்புயலில் ஜேர்மனியர் மூவரும் ஷெர்ப்பாக்கள் அறுவரும் உயிரிழந்தனர். நடக்கவியலாது தளர்ந்த குழுத்தலைவர் வில்லி மெர்க்கலை விட்டுச் செல்லாது அவரருகிலேயே தங்கி மாண்டவர் கேலே என்னும் ஷெர்ப்பா. 1937இல் அதே மலையிற் பனிச்சரிவொன்று ஜேர்மனியர் எழுவரையும் ஷெர்ப்பாக்கள் ஒன்பதின்மரையும் ஒரே இரவிற் புதைத்தது. 1939இல் கே2 சிகரத்தின் உயர்முகாமில் தனித்து விடப்பட்ட அமெரிக்கர் ஒருவரை மீட்கச் சென்ற பசாங் கிகுலி முதலான ஷெர்ப்பாக்கள் மூவரும் திரும்பவில்லை.

இம்மரணங்களைப் பயண நூல்கள் விசுவாசத்தின் சிகரம் எனப் போற்றின. கேலேயின் செயல் போற்றுதற்குரியதே; அதில் ஐயமில்லை. ஆயின், 'விசுவாசம்' என்ற சொல் நாளடைவில் 'நட்டஈடு' என்ற சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. விசுவாசத்துக்குப் புகழ் போதும். தொழிலுக்கோ கணக்குத் தீர்க்கப்படல் வேண்டும். அக்காலத்துப் புகழுரைகள் தீர்க்கப்படாத அக்கணக்கை மறைத்தன.

1953ஆம் ஆண்டும் அதன் பின்னரும்

நேபாளம் 1949ஆம் ஆண்டளவில் வெளிநாட்டவருக்குத் தன் கதவுகளைத் திறக்கத் தொடங்கியது. 1951இல் ராணாக்களின் ஆட்சி முடிவுற்றது. மலையேற்றப் பாதை திபெத்திலிருந்து ஷெர்ப்பாக்களின் தாயகமான கும்புவுக்கு மாறியது. 1952இல் வந்த சுவிஸ் குழுவினர் டென்சிங்கைச் சுமையாளர் தலைவராக மட்டுமன்றி மலையேறிகளுள் ஒருவராகவும் கொண்டனர். அவரும் ரேமண்ட் லம்பேர் என்பவரும் ஒரே கயிற்றிற் பிணைந்து ஏறத்தாழ 28,200 அடிவரை ஏறினர். அல்ப்ஸ் வழிகாட்டியான லம்பேர் தம்முடன் ஏறியவரைத் தோழராகவே கொண்டார். அவர்களிடையே பொதுமொழி இருக்கவில்லை, பொதுத்தொழில் இருந்தது.

அடுத்த ஆண்டு வந்த பிரித்தானியக் குழுவிற் பழைய வழக்கம் தலைகாட்டியது. காத்மண்டுவிலிருந்த தூதரகத்தில் ஆங்கிலேயர்க்கு அறைகள் கிடைத்தன. ஷெர்ப்பாக்களுக்கோ முன்னர் குதிரை லாயமாயிருந்த வண்டிக்கொட்டகை ஒதுக்கப்பட்டது. அங்கு மலசலகூடமும் இருக்கவில்லை. மறுநாட் காலையில் ஷெர்ப்பாக்கள் தூதரகத்தின் முன்னுள்ள வீதியிலேயே சிறுநீர் கழித்துத் தம் எதிர்ப்பைக் காட்டினர். உடைகளும் உபகரணங்களும் யாருக்குரியவை என்பதிலும் பிணக்கு எழுந்தது. வெற்றியின் பின் ஹண்டும் ஹிலரியும் 'சேர்' பட்டம் பெற்றனர். டென்சிங்குக்கு ஜோர்ஜ் பதக்கம் வழங்கப்பட்டது.

எனினும் 1953ஆம் ஆண்டு ஷெர்ப்பா வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். 1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. டென்சிங் அதன் களப்பயிற்சித் தலைவரானார். எழுதப் படிக்கக் கல்லாத ஒருவர் படித்த இளைஞர்க்கு ஆசிரியரானார். இதே காலத்தில் டார்ஜிலிங் ஷெர்ப்பாக்கள் தமக்கெனச் சங்கம் வைத்து, ஆளமர்த்தும் உரிமை, கூலி, நட்டஈடு ஆகியவை பற்றிப் பேசலாயினர். டென்சிங் அம்முயற்சியில் முன்னின்றார். பதிவேடு தொழிலாளர் பக்கம் நகரத் தொடங்கியது இக்காலத்திலேயாம்.

உல்லாசப் பயணத்துறையும் புதிய உடைமையும்

1961இல் ஹிலரியின் முயற்சியாற் கும்ஜுங் கிராமத்திற் பாடசாலை திறக்கப்பட்டது. 1964இல் மருத்துவமனைப் பொருள்களைக் கொண்டுசெல்லும் நோக்கோடு லுக்லாவில் விமான ஓடுதளம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஓய்வுபெற்ற பிரித்தானிய இராணுவ அதிகாரியான ஜிம்மி ரொபேர்ட்ஸ் நேபாளத்தின் முதலாவது மலைநடைப் பயண நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்துக்காக அமைந்த ஓடுதளத்தில் உல்லாசப் பயணிகள் வந்திறங்கினர். 1976இல் சாகர்மாதா தேசியப் பூங்கா உருவாயிற்று. 2019ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இப்பிரதேசத்துக்கு ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சென்றனர்.

இத்துறையின் முக்கிய விளைவு விடுதிகளின் தோற்றமாகும். 1959இல் திபெத்திய எழுச்சி அடக்கப்பட்டதை அடுத்து நங்பா லா வழி வணிகம் நலிவுற்றது. வணிகம் இழந்த குடும்பங்கள் தம் வீட்டு அடுப்பையும் படுக்கையையும் பயணிகளுக்குத் திறந்துவிட்டன. நாம்சே பசாரிலும் லுக்லாவிலும் வீடுகள் விடுதிகளாயின. ஆண்கள் மலைக்குச் சென்றிருந்த மாதங்களில் விடுதிக் கணக்கைப் பேணியோர் பெரும்பாலும் பெண்களே. கூலி பெற்ற சமூகத்தின் ஒரு பகுதி உடைமை பெற்ற சமூகமாக மாறியது. 1970களில் 'சாஹிப்' என்ற விளிச்சொல்லும் வழக்கிழந்து, 'மெம்பர்' என்ற சொல் அதன் இடத்தை எடுத்தது. சொல் மாறுதல் சிறிதாயினும் உறவு மாறுதலின் அறிகுறியாகும்.

ஆனால் மேன்மை எல்லோருக்கும் ஒருங்கே கிட்டவில்லை. ஷெர்ப்பாக்கள் வழிகாட்டிகளாகவும் விடுதிக்காரராகவும் உயர, கீழ்ப்பாதைகளிற் சுமை தூக்கும் வேலை ராய், தமாங், மகர் முதலிய ஏனைய மலைமக்களின் முதுகில் ஏறியது. போதிய உடையின்றிக் குளிரிலும் உயர நோயிலும் அவர்களுட் பலர் மாண்டனர். ஷெர்ப்பாக்களின் பழைய வினாக்கள் அவர்களைப் பொறுத்தவரை இன்றும் விடை காணாதவையே. ஓர் இனத்தின் உயர்வை முழுத் தொழிலின் உயர்வாகக் கொள்வது தவறாகும்.

2014: கணக்குக் கேட்ட நாள்

மேலே மலையில் மரணம் நின்றுவிடவில்லை. 1970இற் கும்புப் பனிவீழ்ச்சியில் ஜப்பானியக் குழுவுக்காக உழைத்த ஷெர்ப்பாக்கள் அறுவர் இறந்தனர். 1974இற் சமொனி வழிகாட்டியான ஜெரார் தெவுவாசு தலைமையில் வந்த பிரெஞ்சுக் குழுவைப் பனிச்சரிவு தாக்கியபோது அவரும் ஷெர்ப்பாக்கள் ஐவரும் ஒன்றாக மாண்டனர். பனிச்சரிவு ஊர் பார்ப்பதில்லை. இறந்தபின் குடும்பத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பே ஊருக்கூர் வேறுபட்டிருந்தது.

1990களில் வணிகமுறை மலையேற்றம் பெருகியபின் ஷெர்ப்பாக்களின் பொறுப்பு பன்மடங்காயிற்று. ஏணி வைத்தல், கயிறு கட்டுதல், கூடாரம் அமைத்தல், ஒட்சிசன் கலன்களைச் சுமத்தல் ஆகிய யாவும் அவர்களின் பணிகளாயின. பணம் செலுத்தி வருவோர் அபாயகரமான பனிவீழ்ச்சியைச் சில தடவைகளே கடப்பர். சுமை ஏற்றுவோர் அதனைப் பன்மடங்கு தடவைகள் கடந்தாக வேண்டும். அபாயத்தின் பங்கீடு இவ்வாறு சமனற்றதாயிற்று.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாட் காலை, அப்பனிவீழ்ச்சியின் மேற் சரிந்த பனிப்பாறை நேபாளத் தொழிலாளர் பதினாறு பேரைப் பலிகொண்டது. அவர்களுட் பதின்மூவர் ஷெர்ப்பாக்கள். இறுதிக்கிரியைச் செலவுக்கென ஒவ்வொரு குடும்பத்துக்கும் 40,000 நேபாள ரூபா வழங்கப்படுமென அரசு முதலில் அறிவித்தது. மலையேற்ற அனுமதிக்கென வெளிநாட்டவரிடம் பெருந்தொகை அறவிடும் அரசின் இவ்வறிவிப்பு அடிவாரமுகாமிற் கோபக்கனலை மூட்டியது. தொழிலாளர் கூடிக் கோரிக்கைகளை எழுத்தில் முன்வைத்தனர், மலையேற மறுத்தனர். அவ்வாண்டுப் பருவம் தென்புறத்திற் பெரும்பாலும் கைவிடப்பட்டது. பத்து இலட்சம் ரூபாவாயிருந்த கட்டாய ஆயுட்காப்புறுதி பதினைந்து இலட்சமாக உயர்த்தப்பட்டது.

அத்தொகை போதுமானதா என்பது வேறு விடயம். 1922இல் எழுவர் இறந்தபோது வாழ்வோர்க்குப் பேசும் இடம் இருக்கவில்லை. 2014இல் வாழ்வோர் தம் பெயரை இட்டுக் கணக்குக் கேட்டனர். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளின் வரலாற்று அசைவு இதுவாகும்.

முடிவுரை

2012ஆம் ஆண்டில் நேபாள மலை வழிகாட்டிகளின் சங்கம் சர்வதேச வழிகாட்டிகள் கூட்டமைப்பில் அங்கத்துவம் பெற்றது. சமொனி வழிகாட்டி பெறும் அதே சின்னத்தைத் தகுதிபெற்ற நேபாள வழிகாட்டியும் அணியலாயிற்று. 2021 ஜனவரி 16ஆம் நாள், குளிர்காலத்தில் எவரும் அதுவரை எட்டாத கே2 சிகரத்தை நேபாளியர் பதின்மர் அடைந்தனர். அவர்களுள் ஒன்பதின்மர் ஷெர்ப்பாக்கள், ஒருவர் மகர். சிகரத்துக்குச் சற்றுக் கீழே ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, பதின்மரும் ஒன்றாகவே நடந்தேறினர். பதின்மரின் பெயர்களும் உலகெங்கும் அச்சேறின. பசாங் கிகுலி மாண்ட மலையில் அவருடைய வழித்தோன்றல்கள் பிறர் சுமைக்காக ஏறாது தம் பொருட்டு ஏறினர்.

எனினும் இதனை மகிழ்ச்சியான முடிவெனக் கொள்ளல் பொருந்தாது. பனிக்கட்டியாறுகள் உருகி வருகின்றன. டென்சிங் தம் இளமைப் பருவத்தைக் கழித்த தாமே கிராமத்தை 2024 ஓகஸ்றிற் பனியேரிகள் உடைத்த வெள்ளம் பாழாக்கியது. கற்ற இளைஞர் வேறு தொழில்களை நாடிச் செல்கின்றனர். அவர்கள் விட்ட சுமையைத் தூக்க இன்னும் வறிய பள்ளத்தாக்குகளிலிருந்து இளைஞர் வருகின்றனர்.

ஒரு தொழிலின் வளர்ச்சியை அத்தொழிலாற் பெறப்பட்ட வெற்றிகளைக் கொண்டு மட்டும் அளத்தல் இயலாது. அதில் உழைத்து மாண்டவனின் பெயர் எங்கு எழுதப்பட்டது, அவன் வீட்டு அடுப்பு மறுநாள் எவ்வாறு எரிந்தது என்பவற்றைக் கொண்டும் அளத்தல் வேண்டும். சமொனிக் குடியானவர் 1821இல் உணர்ந்ததும், ஷெர்ப்பாக்கள் 2014இல் உரத்துக் கூறியதும் ஒன்றே. பதிவேடு உழைப்போரிடம் வந்து சேரும்வரை புகழுரைகள் எத்துணை உயர்ந்தனவாயினும் அவை கூலியாகா. இன்று லுக்லாவிலிருந்து கூடை சுமந்து புறப்படும் ராய் இளைஞனின் பெயரும் ஏடேறும் நாளிலேயே இவ்வரலாறு நிறைவு பெறும்.